குளிர்மேல் பழி போட வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காபரோவில் உம்முடைய வீட்டுக் கராஜிலேயே புல்வெட்டும் மெசின்களைத் திருத்தத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தீர். நல்ல செய்தி. பனி உருகித் தரை காய்வதற்குள்ளேயே வாசலில் மெசின்கள் வந்து நிற்கின்றன என்றும், "போன வருசம் நல்லா ஓடினது தம்பி, இப்ப எத்தினை தரம் இழுத்தாலும் ஸ்ராட் ஆகுதில்லை" என்று எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர். எங்கிருந்து தொடங்குவது என்பது உம்முடைய கேள்வி. இந்தத் தொழிலுக்குள் வருகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

உம்மிடம் வரும் மெசின்களில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது குளிர் அல்ல. ஒக்டோபரில் தாங்கிக்குள் விட்டுவைத்த பெற்றோல். மைனஸ் இருபது பாகை இரும்பையும் அலுமினியத்தையும் ஒன்றும் செய்யாது. வேலை செய்யாமல் ஆறு மாதம் நின்றதுதான் செய்தது. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பதியாவிட்டால் பிளக்கை மாற்றி, கொயிலை மாற்றி, காபரேற்றரை மாற்றி, கடைசியில் மெசினையே மாற்றச் சொல்லும் ஆளாகிவிடுவீர். சாமான் மாற்றத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

பெற்றோல் என்பது ஒரே திரவம் அல்ல. சீக்கிரம் ஆவியாகும் பொருள்களும் மெதுவாக ஆவியாகும் பொருள்களும் கலந்த கலவை. குளிர்ந்த எஞ்சினை முதல் இழுவையில் எழுப்புவது சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான். தாங்கி மூடியிலும் காபரேற்றரிலும் உள்ள காற்றுத் துளைகள் வழியாக முதலில் வெளியேறுவதும் அதுதான். மிச்சம் நிற்பது காற்றோடு கூடிப் பிசினாகிறது. கருப்பநீரைக் காய்ச்சக் காய்ச்ச நீர் போய்ப் பாணி மிஞ்சுவதை ஊரில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். காபரேற்றரின் கிண்ணத்துக்குள் அடுப்பில்லாமலே அதுதான் நடக்கிறது. கிண்ணம் பிடிப்பது மிகச் சிறிய அளவு. ஆகையால் தாங்கியில் உள்ள பெற்றோல் பார்வைக்கு நல்லதாக இருக்கும்போதே கிண்ணத்தில் உள்ளது கெட்டுப்போயிருக்கும். தாங்கியை மோந்து பார்த்து "பெற்றோல் பிழையில்லை" என்று சொல்லிவிட வேண்டாம்.

இதற்கு மேல் எதனால் என்ற மதுசாரம் வேறு. ஒன்ராறியோ விதிப்படி சாதாரணப் பெற்றோலில் 2020 முதல் சராசரி 10 சதவீதம் எதனால் இருக்க வேண்டும். 2025 முதல் அது 11. எதனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வசந்தத்தில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது அரைவாசி வெறுமையான தாங்கிக்குள் ஈரம் படியும். 10 சதவீத எதனால் கலந்த பெற்றோல் கிட்டத்தட்ட அரைச் சதவீதத் தண்ணீரைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் தண்ணீரும் எதனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியேறும் வாயும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே எஞ்சினுக்கு முதலில் போவது சரியாக எரியாத அந்த அடிக்கலவை. காபரேற்றருக்குள் வெள்ளைத் தூளாகப் படிந்திருப்பதும், பெற்றோல் போகும் நுண்துளை உள்ள பித்தளை ஜெற்றில் பச்சையாகப் பிடித்திருப்பதும் இந்த ஈரத்தின் வேலை. பெற்றோல் 30 நாளில் பழசாகிவிடும் என்று எஞ்சின் செய்யும் பிரிக்ஸ் அன்ட் ஸ்ராற்றன் நிறுவனமே சொல்கிறது. உம்முடைய வாடிக்கையாளர்கள் வைத்திருந்தது ஆறு மாதம்.

இனி வேலைக்கு வருவோம். ஸ்பானரைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளும். கடைசியாக எப்போது ஓடியது, தானாக நின்றதா, நிறுத்தினார்களா? உள்ளே இருக்கிற பெற்றோல் எப்போது வாங்கியது? கடைசித் தடவை வெட்டும்போது கல், மரவேர், தண்ணீர்க் குழாய் எதிலாவது அலகு அடிபட்டதா? மூன்றாவது கேள்விக்கு ஆட்கள் உடனே பதில் சொல்லமாட்டார்கள். "அப்பிடி ஒண்டும் இல்லை" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, "மேப்பிள் மர வேர் ஒண்டு மேல கிளம்பி நிக்குது, அதில ஒருக்கா..." என்று இழுப்பார்கள். அந்த இழுவைக்குள் ஒரு முழு நோயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேட்டு முடிந்ததும் பாரும். முதல் வேலையாக பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டிவிடும். அலகைக் கையால் சுற்றினாலே சில எஞ்சின்கள் ஒரு அடி அடித்துவிடும். விரல் போக அந்த ஒரு அடி போதும். பிறகு ஒயில் கம்பியை இழுத்துப் பாரும். அளவு கூடியிருந்து பெற்றோல் மணமும் வந்தால், காபரேற்றரின் மிதவை ஊசி மூடாமல் குளிர்காலம் முழுக்கப் பெற்றோல் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த ஒயிலோடு எஞ்சினை ஓட்டக் கூடாது. ஒயிலை மாற்றி, ஊசியையும் பார்த்த பிறகுதான் மற்றது. காற்று வடிகட்டியைத் திறந்து பாரும். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் எலி குளிர்காலம் கழிப்பதற்கு வடிகட்டிப் பெட்டியும் ஃப்ளைவீல் மூடிக்கு உள்பக்கமும் மிகவும் பிடித்த இடங்கள். கூட்டை எடுக்காமல் ஓட்டினால் குளிரூட்டும் காற்று போகாமல் எஞ்சின் சூடேறிக் கெடும். எலி கொயில் வயரையும் கடித்திருக்கலாம்.

சின்னச் சின்ன விடயங்களையும் விட்டுவிட வேண்டாம். பல ஹொண்டா மெசின்களில் பெற்றோல் அடைக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. இலையுதிர் காலத்தில் அடைத்தவர் வசந்தத்தில் மறந்திருப்பார். ரப்பர் குமிழை அமுக்கும் மெசின்களில் குமிழ் குளிரில் வெடித்திருக்கும். அமுக்கினாலும் உள்ளே ஒன்றும் போகாது. கைப்பிடிச் சட்டத்தின் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் பிரேக் விடாது, கயிறும் இழுபடாது. சாய்த்துப் பார்க்க வேண்டுமானால் காபரேற்றரும் வடிகட்டியும் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்துப் பிடியும். மறுபக்கம் சாய்த்தால் ஒயில் வடிகட்டியை நனைத்துவிடும். பிறகு வருகிற வெள்ளைப் புகையைப் பார்த்து எஞ்சின் போய்விட்டது என்று வாடிக்கையாளர் பதறுவார்.

இனி இந்தத் தொழிலின் மிகப் பெரிய சோதனை, மிக எளிய சோதனையும் அதுதான். கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்து, ஒரு இடத்தில் எதிர்ப்புத் தெரிகிறது என்று உறுதிசெய்த பிறகு, வடிகட்டியைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குள் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான புதுப் பெற்றோலை விடும். பெற்றோல் கானை மூடித் தூரத்தில் வையும். முகத்தை விலக்கிக்கொண்டு கயிற்றை இழும். எஞ்சின் இரண்டு மூன்று வினாடி சீறி ஓடி நின்றுவிட்டால், பொறி இருக்கிறது, அமுக்கமும் இருக்கிறது. பெற்றோல் வரும் வழியில்தான் அடைப்பு. பிளக்கையும் கொயிலையும் மறந்துவிடலாம். ஒரு சத்தமும் இல்லாவிட்டால் மற்றப் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை பிரச்சினையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. இதைச் செய்யாமல் கைவைக்கிறவர் குருட்டுவாக்கில் வேலை செய்கிறார். ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது எண்ணெய்ப் படலத்தைக் கழுவி எஞ்சினை அதிரவைக்கும். ஒரு தேக்கரண்டிப் பெற்றோல் சொல்வதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

வசந்தத்தில் வருகிற மெசின்களில் பெரும்பாலும் காபரேற்றர்தான் குற்றவாளி. அதைத் திறப்பதற்கு முன் ஸ்பிரிங்குகளும் கம்பிகளும் எந்தத் துளையில் எப்படி மாட்டியிருக்கின்றன என்று படம் எடுத்துக்கொள்ளும். வேகக் கட்டுப்பாட்டு ஸ்பிரிங்கை மாறிப் போட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். 21 அங்குல அலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 தடவை சுற்றுகிறது. அதற்கு மேல் விரட்டுவது விளையாட்டில்லை. அந்த ஸ்பிரிங்கை வளைத்து "பவர் கூட்டுகிற" வேலைக்கு எவர் கேட்டாலும் இடம் கொடுக்க வேண்டாம்.

கிண்ணத்தைக் கழற்றும்போது உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியும். சில நிமிடம் அசையாமல் வையும். அடியில் வேறாக ஒரு படை தெரிந்தால் உமக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதைக் கொட்டிவிட வேண்டாம். வாடிக்கையாளர் வரும்வரை மூடி வையும். எவ்வளவு விளக்கினாலும் ஏற்காதவர் அந்தப் போத்தலைக் கண்டதும் ஏற்றுக்கொள்வார்.

பழைய பிரிக்ஸ், ரெக்கும்சே எஞ்சின்கள் பலவற்றில் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் அடி ஆணியே ஜெற். அதன் பக்கவாட்டிலும் நடுவிலும் சிறு துளைகள் இருக்கும். பல வேளைகளில் அந்த ஆணியை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், காபரேற்றரை இறக்கவே தேவையில்லை. ஹொண்டா ஜிசிவி160 போன்றவற்றில் பிரதான ஜெற் நடுத் தூணுக்குள் இருக்கிறது. பித்தளை மென்மையானது. பிளவை முழுக்க நிரப்பும் அகலமான திருப்புளியைப் போட்டுத் திருகும். மெலிந்த திருப்புளி பிளவைத் தின்றுவிடும். ஜெற்றுக்கு மேலே பக்கவாட்டில் துளைகளுள்ள மெல்லிய குழாய் ஒன்று உண்டு. ஜெற்றை மட்டும் துடைத்துவிட்டு அதை மறப்பவர்களின் மெசின் ஓடும், ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடும்.

ஜெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாரும். துளை ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியது. ஆனாலும் அடைப்பில்லாவிட்டால் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும். வட்டம் கோணலாக இருந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. துளைகருவியோ உருக்குக் கம்பியோ போட்டுக் குடைய வேண்டாம். துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் பெற்றோல் அளவு மாறிவிடும், அதைத் திரும்பச் சின்னதாக்க வழியில்லை. மின்வயருக்குள் இருக்கும் செப்பு இழை ஒன்று போதும். பிறகு துப்புரவு ஸ்பிரேயை ஒவ்வொரு துளையிலும் அடித்து, அது வேறெந்தத் துளையால் வெளிவருகிறது என்று பாரும். ஒரு பக்கத்தால் போய் எந்தப் பக்கத்தாலும் வெளிவராவிட்டால் அங்கேதான் அடைப்பு. அந்த ஸ்பிரே திரும்பிக் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி போடாமல் அடிக்க வேண்டாம். ரப்பர் வளையங்களையும் மிதவையையும் ஊசியையும் முதலே எடுத்துவிடும், அந்த மருந்து பட்டால் ரப்பர் ஊதிப்போகும். ஊசியின் கூம்பு முனையைச் சுற்றி ஒரு வளையக் கோடு விழுந்திருந்தால் ஊசியை மாற்றும்.

திரும்பப் பூட்டும்போது கஸ்கெற்றுகளின் ஒழுங்கும் துளைகளும் நேர்ப்பட வேண்டும். துளை மாறி ஒரு காற்றுவழி மூடுபட்டால் நீர் செய்த அவ்வளவு வேலையும் வீண். தாங்கியையும் குழாயையும் கழுவாமல் பூட்டவும் வேண்டாம். பழைய பிசினும் தூசியும் அங்கேதான் காத்திருக்கின்றன. அடுத்த கிழமை அதே மெசின் திரும்பி வந்தால் "நேற்றுத்தானே திருத்தினது" என்ற பேச்சு உமக்கு விழும்.

தேக்கரண்டிச் சோதனையில் சத்தமே வராத மெசின்களுக்கு வருகிறேன். முதலில் பொறி. பிளக்கின் இடைவெளி பல பிரிக்ஸ் எஞ்சின்களில் 0.76 மில்லிமீற்றர், ஹொண்டா ஜிசிவி160-இல் 0.7 முதல் 0.8 வரை. நனைந்து கறுத்திருந்தால் காயவைத்துத் துடைத்துத் திரும்பப் பாரும். பிளக்குக்கும் வயருக்கும் இடையில் மாட்டும் பொறி சோதிக்கும் விளக்கு ஒன்றை வாங்கி வையும். திறந்த பிளக் துளைக்குப் பக்கத்தில் வெறும் பிளக்கை வைத்துப் பொறி பார்ப்பது பெற்றோல் ஆவிக்கு நெருப்பு வைப்பதுதான். பொறி இல்லாவிட்டால் கொயிலை வாங்க ஓட வேண்டாம். நிறுத்தும் வயர் எங்காவது உடம்பில் உரசுகிறதா, ஃப்ளைவீல் காந்தத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாரும். துருவை மெல்லிய தாளால் தேய்த்து, கொயிலுக்கும் காந்தத்துக்கும் இடையில் கால் மில்லிமீற்றர் விட்டு இறுக்கினால் பல கொயில்கள் உயிர்த்தெழும்.

பொறியும் இருக்கிறது, பெற்றோலும் இருக்கிறது, ஆனால் எஞ்சின் கையை உதறி அடிக்கிறது அல்லது காபரேற்றருக்குள் திரும்பி வெடிக்கிறது என்றால் அந்த மேப்பிள் வேரை நினைத்துக்கொள்ளும். ஃப்ளைவீலைச் சுழல்தண்டோடு நேராக வைத்திருப்பது ஒரு சிறிய மென்மையான உலோகக் கட்டை, கீ என்பார்கள். அலகு கல்லிலோ வேரிலோ திடீரென்று நின்றால் இந்தக் கீ அரைவாசி வெட்டுப்படும். ஃப்ளைவீல் சில பாகை நகர்ந்தாலே பொறி விழும் நேரம் மாறிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், எஞ்சின் மட்டும் ஓடாது. கீ மலிவான சாமான். அதன் இடத்தில் உருக்குத் துண்டைப் போட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த அடிக்கு வளைவது சுழல்தண்டாக இருக்கும்.

கயிறு எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் வால்வைப் பாரும். நீண்ட நாள் நின்ற எஞ்சினில் வால்வுத் தண்டு பிசினாலும் துருவாலும் ஒட்டித் திறந்தபடியே நின்றுவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு, பொறுமையாகத் தட்டி அசைத்தால் பெரும்பாலும் விடும். அதையும் செய்துபார்த்து அமுக்கம் வராவிட்டால், மெசினின் வயதையும் செலவையும் உரியவருக்குச் சொல்லி அவரே முடிவு எடுக்க விடும்.

ஓடத் தொடங்கியதோடு வேலை முடியவில்லை. பத்து நிமிடமாவது ஓடவிடும். சில நிமிடம் ஓடி நின்றுபோய், மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஏறி இறங்கி ஓடினால் ஏதோ ஒரு ஜெற் இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. கடைசியாகக் கைப்பிடிச் சட்டத்தை விட்டுப் பாரும். மூன்று வினாடிக்குள் அலகு நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல் இருக்கும் பாதுகாப்பு விதி இது. சட்டத்தைக் கயிற்றால் கட்டிவைத்த மெசின் வந்தால் கட்டை அவிழ்த்துப் பிரேக்கைச் சரிசெய்யாமல் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அவர் எவ்வளவு கோபித்தாலும்.

கராஜில் வேலை செய்கிறீர் என்பதால் இரண்டு விடயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஏப்ரலிலும் இங்கே காற்று குளிராகத்தான் இருக்கும். கதவை அரைவாசி இறக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். செய்ய வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு வழியாக அது பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் போகும். மெசினை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓட்டும். மற்றது, பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து போய்த் தண்ணீர் சூடாக்கியின் சுடரைத் தேடிப் பிடிக்கும். பெற்றோல் வடிக்கிற வேலையையும் வெளியிலேயே வைத்துக்கொள்ளும், எண்ணெய் நெருப்பை அணைக்கும் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையும். வடித்த பழைய பெற்றோலை வடிகாலில் ஊற்றுவதும் டாண்டிலியன் செடிக்கு அடிப்பதும் கூடாது. ரொறன்ரோ நகரத்தின் கழிவு ஒப்படைக்கும் நிலையங்கள் அபாயகரமான வீட்டுக் கழிவை வாங்கிக்கொள்கின்றன. அங்கே கொண்டுபோய்க் கொடும்.

இனிக் காசு விடயம். இணையத்தில் மிக மலிவாகப் போலிக் காபரேற்றர்கள் வருகின்றன. சுத்தம் செய்ய ஒரு மணித்தியாலம், மாற்றப் பதினைந்து நிமிடம். மாற்றினால் என்ன என்று கேட்பீர். உள்ளே அரிப்பு விழுந்த காபரேற்றரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் சரியான அளவில் ஜெற் துளைத்த நல்ல காபரேற்றரை எடுத்து எறிந்துவிட்டு, எந்த அளவில் துளைத்தது என்று தெரியாத ஒன்றைப் போடுவதைத் திருத்தம் என்று சொல்ல மாட்டேன். மாற்றுவதானால் எஞ்சின் மூடியிலுள்ள மொடல் இலக்கத்தைப் பார்த்து அதற்குரியதை வாங்கும். முதலே விலை சொல்லும். பார்ப்பதற்கு இவ்வளவு, சுத்தம் செய்ய இவ்வளவு, சாமான் போட்டால் இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் பிறகு வாக்குவாதம் வராது.

நேர வாக்குறுதியிலும் கவனம். மே மாதத்தில் புல் விறுவிறென்று வளரும். ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிடக் கூடாது என்பது நகரசபை விதி. விக்ரோரியா நாள் நீண்ட வார இறுதிக்கு முதல் எல்லாருக்கும் மெசின் வேண்டும். "நாளைக்குத் தாறன்" என்ற சொல்லை அந்தக் கிழமை வாயில் எடுக்க வேண்டாம். தரக்கூடிய நாளைச் சொல்லும். அந்த நாளில் கொடும். அயலுக்குள் தொழில் செய்கிறவருக்குச் சொன்ன நாள்தான் விளம்பரம்.

நோய்க்கு மருந்து இவ்வளவுதான். நோய் வராமல் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதும் உம்முடைய வேலை. மெசினைத் திருப்பிக் கொடுக்கும்போதே ஒக்டோபரில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடும். கடைசிப் புல்வெட்டுக்குப் பிறகு தாங்கியை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் வடி ஆணியைத் திறந்து கடைசிச் சொட்டையும் எடுக்க வேண்டும். வடிக்க விருப்பமில்லாதவர் புதுப் பெற்றோலில் ஸ்டேபிலைசர் கலந்து, அது காபரேற்றர்வரை போவதற்குச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தலாம். பழசாகிவிட்ட பெற்றோலில் ஸ்டேபிலைசர் ஊற்றுவதால் ஒரு பயனுமில்லை; அது கெடுவதைப் பிந்தவைக்குமே தவிரக் கெட்டதைத் திருப்பாது. எதனால் இல்லாத பெற்றோல் கான்களில் விற்கிறது. விலை கூட, ஆனால் வருசத்தின் கடைசித் தாங்கிக்கு மட்டும் விட்டால் கட்டுப்படியாகும். ஒயிலையும் இலையுதிர் காலத்திலேயே மாற்றலாம், அழுக்கு ஒயில் எஞ்சினுக்குள் குளிர்காலம் கழிக்கத் தேவையில்லை.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த வருசம் ஆட்கள் வரமாட்டார்களே என்று உம்முடைய கூட்டாளி ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர். வருவார்கள். அலகு தீட்ட வருவார்கள், பனி தள்ளும் மெசினைக் கொண்டு வருவார்கள். பனி தள்ளும் மெசினுக்கு இதே நோய் தலைகீழாக வரும். ஏப்ரலில் பெற்றோலோடு நிறுத்தியது நவம்பரின் முதற் பனியில் எழும்பாது. வீட்டு ஜெனரேற்றரும் அப்படித்தான். ஒரு நோயைச் சரியாகப் படித்தவருக்கு இந்த நாட்டில் வருசம் முழுக்க வேலை இருக்கிறது.

கடைசியாக நீர் கேட்ட கேள்வி: பற்றரி மெசின்கள் வந்துவிட்டன, இதைப் படித்து என்ன பிரயோசனம்? கேள்வி நியாயமானது. ரெக்கும்சே 2008-இல் எஞ்சின் செய்வதை விட்டது. 1908-இல் தொடங்கிய பிரிக்ஸ் அன்ட் ஸ்ராற்றன் 2020-இல் கடன்தீர்க்க முடியாமல் நீதிமன்றம் போய்க் கைமாறியது. ஹொண்டா 2023-இல் அமெரிக்காவில் பெற்றோல் புல்வெட்டும் மெசின் தயாரிப்பதை நிறுத்தியது. கலிபோர்னியாவில் 2024 முதல் புதிய பெற்றோல் மெசின்களுக்கு மாசு வரம்பு பூச்சியம். இந்தத் தொழில் வளர்கிறது என்று உமக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கராஜ்களில் இப்போது நிற்கும் மெசின்கள் நாளைக்கே மறைந்துவிடா. செய்கிற நிறுவனங்கள் குறையக் குறைய, இருக்கிறதை ஓடவைக்கத் தெரிந்தவரின் தேவை கொஞ்சக் காலத்துக்குக் கூடும். அதற்குப் பிறகு பற்றரி மெசின் உம்முடைய மேசைக்கு வரும்போது காபரேற்றர் அறிவு உதவாது. கேட்டு, பார்த்து, ஒரு எளிய சோதனையால் பிரச்சினையை இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் அங்கேயும் உதவும். கையில் அந்தப் பழக்கம் ஊறுவதற்கு ஜெற், பொறி, வால்வு என்று எண்ணிவிடக்கூடிய சில பாகங்களே உள்ள இந்தச் சின்ன எஞ்சினைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தம்பி, உம்மிடம் நான் கேட்பது ஒன்றுதான். காரணம் தெரியாமல் ஒரு சாமானையும் மாற்ற வேண்டாம். மாற்றினால் பழையதை உரியவரின் கையில் கொடுத்து, ஏன் மாற்றினீர் என்று இரண்டு வசனத்தில் சொல்லும். அந்த இரண்டு வசனத்தைச் சொல்ல முடியாத வேலைக்குக் காசு வாங்க வேண்டாம்.

அன்புடன்,
இதே தொழிலில் உள்ள ஒரு அண்ணன்